பாலினத் தன்னறிவிப்பும் பெண்ணுரிமையும்: பிரித்தானியக் கட்சிகளின் நிலைப்பாட்டு மாற்றங்கள் (2004–2025)

பாலின ஏற்புக்கான சட்ட நடைமுறையை மருத்துவத் தளையிலிருந்து விடுவித்து எளிமையாக்கப்போவதாக 2017 அக்டோபரில் உறுதியளித்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைமை அமைச்சர் தெரேசா மே. 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் அதே கட்சி, சமத்துவச் சட்டத்தில் வரும் ‘பால்’ என்னும் சொல் உடல்சார்ந்த பாலையே குறிக்கும் எனச் சட்டத்தைத் திருத்துவதாக வாக்களித்தது. தொழிற்கட்சி 2019இல் தன்னறிவிப்பை ஏற்றது, 2023இல் கைவிட்டது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அதைச் சட்டமாகவே நிறைவேற்றியது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வரவில்லை. இம்மாற்றங்களை இடதுசாரிகளுக்கும் வலதுசாரிகளுக்கும் இடையிலான போராகக் காட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. நிகழ்வுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அவ்விளக்கம் பொருந்தவில்லை. பெண்ணுரிமைச் சட்டமும் பாலின ஏற்புச் சட்டமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ‘பெண்’ யார் என்ற வினாவை எல்லாக் கட்சிகளும் விடையின்றி விட்டுவைத்தன என்பதும், நிலைப்பாடுகள் மாறியதன் வேர் அங்கேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

சொற்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. தமிழில் ‘பால்’ இலக்கணக் கலைச்சொல்லாகவும் உடலைக் குறிக்கும் சொல்லாகவும் நெடுங்காலம் வழங்கி வருவது. ‘பாலினம்’ என்பதோ இன்றைய இதழ்களில் உடற்கூற்றையும் சமூக அடையாளத்தையும் ஒருங்கே குறிக்கிறது. இக்கட்டுரையில் உடல்சார்ந்தது ‘பால்’ எனவும், ஒருவர் தமக்கெனக் கொள்ளும் அடையாளம் ‘பாலினம்’ எனவும் ஆளப்படுகின்றன. இக்குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சான்றிதழ் பெற்றவரின் ‘பாலினம்’ எல்லா நோக்கங்களுக்கும் மாறுகிறது என்று தொடங்கி, ஆகவே அவருடைய ‘பால்’ மாறுகிறது என்று அதே வாக்கியத்துக்குள் முடிகிறது. இருபது ஆண்டுப் பூசலின் விதை அந்த ஒரு வாக்கியத்திலேயே இருந்தது எனலாம்.

திருமண வழக்கிலிருந்து சான்றிதழ் வரை

1970இல் ஏப்ரல் ஆஷ்லி என்ற விளம்பர அழகியின் திருமணம் செல்லுமா என்ற வழக்கில் நீதிபதி ஆர்ம்ராட் தீர்ப்பளித்தார். அவர் மருத்துவமும் பயின்றவர். குரோமோசோம், பாலினச் சுரப்பி, பிறப்புறுப்பு ஆகிய மூன்றும் பிறப்பின்போது ஒத்திருந்தால் திருமண நோக்கில் ஒருவரின் பால் அதுவே. பின்னர்ச் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை அதை மாற்றாது என்றார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்விதியே நின்றது. கடவுச்சீட்டையும் ஓட்டுநர் உரிமத்தையும் மாற்றிக்கொள்ள முடிந்த ஒருவரால் பிறப்புச் சான்றிதழை மாற்ற இயலவில்லை, மணம்புரியவும் இயலவில்லை. இத்தீர்ப்பின் நிழல் இந்தியா வரை நீண்டது. 2014 ஏப்ரல் 15 அன்று தேசியச் சட்டப்பணிகள் ஆணைய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் ஆர்ம்ராட்டின் உடற்கூற்று அளவுகோலைப் பெயர் சுட்டி மறுத்து, உளவியல் அளவுகோலைத் தேர்ந்தது.

பிரித்தானியாவில் மாற்றம் கட்சிகளின் விருப்பத்தால் வரவில்லை. 2002 ஜூலை 11 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் குட்வின் வழக்கில், தனிவாழ்வுக்கும் திருமணத்துக்குமான உரிமைகளை அந்நாடு மீறியுள்ளது எனத் தீர்ப்பளித்தது. அதனை நிறைவேற்றவேண்டிய கடப்பாட்டில் தொழிற்கட்சி அரசு 2004இல் பாலின ஏற்புச் சட்டத்தை இயற்றியது. பதினெட்டு வயது நிறைந்திருத்தல், பாலின ஒவ்வாமை பற்றிய மருத்துவ அறுதி, ஏற்ற பாலினத்தில் இரண்டாண்டு வாழ்ந்தமைக்குச் சான்று, வாழ்நாள் முழுதும் அவ்வாறே வாழும் உறுதிமொழி ஆகியவை வேண்டும். அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை. விண்ணப்பதாரரை நேரில் காணாமலே ஆவணங்களைக் கொண்டு ஒரு குழு முடிவு செய்யும். பிரபுக்கள் சபையில் நார்மன் டெபிட் போன்றோர் எதிர்த்தனர். எனினும் பொதுமக்களிடையே பெரிய விவாதம் எழவில்லை. சில ஆயிரம் பேருக்கான நிவாரணம் என்றே அச்சட்டம் கருதப்பட்டது. பிரபுப் பட்டங்களின் வாரிசுரிமை மாறாது என்பதற்குத் தனிப் பிரிவு எழுதும் அளவுக்கு அதன் ஆசிரியர்கள் கவனமாக இருந்தனர். பெண்கள் காப்பகங்களுக்கென்று அத்தகைய தனிப் பிரிவு எதுவும் எழுதப்படவில்லை.

2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் அந்த இடைவெளியை ஓரளவு தொட்டது. ‘பால்’, ‘பாலின மாற்றம்’ இரண்டும் தனித்தனிப் பாதுகாப்புப் பண்புகளாயின. நியாயமான நோக்கமும் அளவான வழிமுறையும் இருப்பின் ஒரு பாலுக்கு மட்டுமான சேவைகளை நடத்தலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான குழு ஆற்றுப்படுத்தல் போன்றவற்றில் திருநங்கையரைச் சேர்க்காதிருக்கவும் இடமுண்டு. ‘பெண்’ என்பவர் எவ்வயதினராயினும் பெண்பாலைச் சேர்ந்தவர் என்று சட்டம் கூறியது. சான்றிதழ் பெற்ற திருநங்கை அச்சொல்லுள் அடங்குவாரா என்று கூறவில்லை. ஓர் அரசே ஆறாண்டு இடைவெளியில் இயற்றிய இரு சட்டங்கள் இவை என்பதை நோக்க, இம்மௌனம் வியப்பளிக்கிறது.

ஒருமித்த குரலின் காலம்

2015இல் அயர்லாந்து தன்னறிவிப்பைச் சட்டமாக்கியது. 2016 ஜனவரியில் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் மரியா மில்லர் தலைமையிலான பெண்கள், சமத்துவக் குழு அவ்வழியையே பிரித்தானியாவுக்கும் பரிந்துரைத்தது. முன்பு 2013இல் ஒருபாலினத் திருமண மசோதாவைக் கேமரன் கொண்டுவந்தபோது, இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் அவர் கட்சி உறுப்பினர்களுள் ஆதரித்தோரினும் எதிர்த்தோரே மிகுதி. பிற கட்சிகளின் வாக்குகளே அதைக் கரைசேர்த்தன. ஆயினும் அதன் நற்பெயர் கேமரனையும் கட்சித் தலைமையையும் சேர்ந்தது. தெரேசா மேயின் 2017 அறிவிப்பை அந்த நற்பெயரின் தொடர்ச்சியாகக் காண்பதே பொருத்தம். பெரிய கட்சிகளின் தலைமைகள் யாவும் அப்போது ஒரே திசையில் நின்றன.

எதிர்க்குரல் கட்சிகளுக்கு வெளியிலிருந்து வந்தது. அதுவும் பெரும்பாலும் இடதுசாரி மரபிலிருந்து வந்தது. 2017 இலையுதிர்காலத்தில் தொழிற்சங்கப் பெண்கள் தொடங்கிய ‘வுமன்ஸ் பிளேஸ் யூகே’ ஊர்தோறும் கூட்டம் நடத்தியது. மறுநாட்டில் ‘ஃபார் வுமன் ஸ்காட்லாந்து’ உருவாயிற்று. காப்பகம், சிறை, மருத்துவமனைக் கூடம், விளையாட்டு ஆகியவற்றில் உடல்சார்ந்த பால் இன்னும் பொருளுடையது. எந்தச் சரிபார்ப்புமின்றிச் சட்டப் பால் மாறுமாயின் அவ்விடங்களை எல்லையிட இயலாது என்பது அவர்கள் வாதம். கூட்டங்களுக்கு எதிராக ஆர்ப்பாட்டங்கள் நடந்தன; சில அரங்குகள் இறுதி நேரத்தில் மறுக்கப்பட்டன. திருநர் அமைப்புகளின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மருத்துவ நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, 140 பவுண்டு கட்டணம், முகமறியாக் குழுவுக்குத் தம் அந்தரங்க வாழ்வைக் கட்டுக்கட்டாக எழுதி அனுப்பும் அவமதிப்பு என அவர்கள் சுட்டியவை யாவும் உண்மையான இடர்கள். தன்னறிவிப்பை ஏற்ற நாடுகளில் அச்சப்பட்ட தீங்குகள் நிகழவில்லை என்றும் அவர்கள் கூறினர். இரு தரப்பும் மற்றதன் அச்சத்தைப் பாசாங்கு என்று கருதியதே அக்காலத்தின் பெருங்குறை.

2018இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்குமாக நடந்த பொதுக் கருத்துக்கேட்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். மருத்துவ அறுதி வேண்டாம் என்றோர் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர். ஆனால் 2020 செப்டம்பரில் அமைச்சர் லிஸ் டிரஸ் தன்னறிவிப்பு இல்லை என அறிவித்தார். கட்டணம் மட்டும் அடுத்த ஆண்டு 5 பவுண்டாகக் குறைந்தது. இடையில் மூன்று தலைமை அமைச்சர்கள் மாறவில்லை. மே சென்று ஜான்சன் வந்திருந்தார், அவ்வளவே. வாக்குறுதியைக் கொடுத்த கட்சியே அதைத் திரும்பப் பெற்றதற்கு, அப்பெண்கள் அமைப்புகள் எழுப்பிய வினாக்கள் கட்சிக்குள் வந்து சேர்ந்ததும், தொழிற்கட்சியிடமிருந்து தன்னை வேறுபடுத்திக் காட்டும் வாய்ப்பை அதில் கண்டதும் ஆகிய இரண்டுமே காரணம். இரண்டாவது காரணம் நாளடைவில் முதலாவதை விழுங்கியது.

தொழிற்கட்சியின் 2019 தேர்தல் அறிக்கை இக்காலத்தின் மிகச் சிறந்த சான்றாவணம். ஒரு பகுதி, திருநருக்குத் தன்னறிவிப்பு உரிமை வழங்கப்படும் என்கிறது. பெண்கள் பற்றிய பகுதி, சமத்துவச் சட்டத்தின் ஒருபால் விதிவிலக்குகள் முழுமையாக நடைமுறைப்படுத்தப்படும் என்கிறது. இரண்டும் முரண்பட்டேயாக வேண்டும் என்பதில்லை. ஆனால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் எது முந்தும் என்று அறிக்கையில் ஒரு வரியும் இல்லை.

ஸ்காட்லாந்து: ஒரு சட்டம், இரு வாதங்கள்

இவ்வினா உண்மையான சோதனைக்கு உள்ளானது எடின்பரோவில். 2022 மார்ச்சில் ஸ்காட்லாந்து அரசு பாலின ஏற்புச் சீர்திருத்த மசோதாவை அறிமுகம் செய்தது. மருத்துவ அறுதி நீக்கப்பட்டது. வயது வரம்பு 16 ஆனது. இரண்டாண்டு மூன்று மாதமாகக் குறைந்தது. அரசில் பங்கேற்ற பசுமைக் கட்சிக்கு இது கொள்கை உயிர்நாடி. அக்டோபரில் முதற்கட்ட வாக்கெடுப்பு நடந்த நாளன்று, அதை ஆதரிக்க இயலாத ஆஷ் ரீகன் அமைச்சர் பதவி துறந்தார்.

இதற்கு இணையாக நீதிமன்றத்தில் மற்றொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அரசுத்துறை வாரியங்களின் நிர்வாகப் பொறுப்பற்ற உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என 2018இல் ஸ்காட்லாந்து சட்டம் இயற்றியிருந்தது. அதில் ‘பெண்’ என்ற சொல்லுள் திருநங்கையர் அடங்குவர் என்ற வரையறையை எதிர்த்து ‘ஃபார் வுமன் ஸ்காட்லாந்து’ வழக்காடியது. 2022 பிப்ரவரியில் அவ்வமைப்பு வென்றது. அரசு தன் வழிகாட்டுதலைத் திருத்தி, சான்றிதழ் பெற்ற திருநங்கையர் அடங்குவர் என்றது. அதையும் எதிர்த்து வழக்குத் தொடரப்பட்டது. 2022 டிசம்பர் 13 அன்று நீதிபதி ஹால்டேன் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்: சான்றிதழ், சமத்துவச் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஒருவரின் பாலை மாற்றுகிறது.

இங்கேதான் அரசின் நிலை இரண்டாகப் பிளந்தது. சான்றிதழ் பாலை மாற்றும் என்று அதன் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் வாதிட்டனர். சான்றிதழ் பெறுவதை எளிதாக்கும் மசோதாவால் பெண்களின் சமத்துவப் பாதுகாப்புக்கு எந்தத் தாக்கமும் இல்லை என்று அதன் அமைச்சர்கள் நாடாளுமன்றத்தில் கூறினர். இரு கூற்றையும் ஒருங்கே தாங்குவது அரிது. ஹால்டேன் தீர்ப்புக்குப் பின் ஒன்பதாம் நாள் இறுதி வாக்கெடுப்பு நடந்தது. 153 திருத்தங்கள் மீது நள்ளிரவைக் கடந்தும் விவாதம் நீண்டது. பாலியல் குற்றம் சாட்டப்பட்டோரின் விண்ணப்பத்தை வழக்கு முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரே கொணர்ந்த திருத்தம் தோற்றது. டிசம்பர் 22 அன்று மசோதா 86க்கு 39 என்ற கணக்கில் நிறைவேறியது. ஸ்காட்லாந்து தேசியக் கட்சியினர் ஒன்பதின்மரும் தொழிற்கட்சியினர் இருவரும் எதிர்த்தனர். கன்சர்வேட்டிவ் உறுப்பினர் மூவர் ஆதரித்தனர். கட்சிக் கோட்டைக் கடந்த இப்பதினால்வரே, இது இடது வலதுப் போர் அன்று என்பதற்குப் போதிய சான்று.

2023 ஜனவரி 17 அன்று இலண்டன் அரசு, 1998ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தின் 35ஆம் பிரிவைப் பயன்படுத்தி மசோதாவுக்கு அரச ஒப்புதல் கிடைக்காமல் தடுத்தது. அப்பிரிவு பயன்பட்டது அதுவே முதன்முறை. சமத்துவச் சட்டம் இலண்டனின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மசோதா அதன் செயற்பாட்டைக் குலைக்கும் என்பது காரணம். அக்காரணத்துக்கு வலுவூட்டியது எடின்பரோ அரசு தானே வாதிட்டு வென்ற ஹால்டேன் தீர்ப்பு. அன்றுமுதல் வினா பெண்களைப் பற்றியதாகவும் இல்லை, திருநரைப் பற்றியதாகவும் இல்லை, தன்னாட்சி பற்றியதாயிற்று. அதே மாதத்தில், இரு பெண்களை வன்புணர்ந்த குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டு, வழக்குக் காலத்தில் பெண் என அறிவித்துக்கொண்ட ஒருவர் முதலில் மகளிர் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில நாளில் ஆடவர் சிறைக்கு மாற்றப்பட்டார். அவ்வனுப்புகை சிறைத்துறையின் பழைய நெறிமுறைப்படி நடந்தது. தடுக்கப்பட்ட மசோதாவுக்கும் அதற்கும் சட்டத் தொடர்பு இல்லை. ஆனால் அவரை ஆண் என்பதா பெண் என்பதா என்ற செய்தியாளர் வினாவுக்கு முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நேர்விடை கூற இயலாமல் தடுமாறியதை நாடு கண்டது. பிப்ரவரி 15 அன்று அவர் பதவி விலகலை அறிவித்தார். இதுவே காரணம் என்று அவர் கூறவில்லை. இது இல்லாத காரணப் பட்டியலை எழுதுவதும் கடினம். வாரிசுப் போட்டியில் மசோதாவை ஆதரித்த ஹம்சா யூசஃப் ஏறத்தாழ 52 விழுக்காடு பெற்று, அதை ஏற்காத கேட் ஃபோர்ப்ஸை வென்றார். இலண்டனின் தடை செல்லும் என நீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பரில் கூறியபின் அவர் மேல்முறையீடு செய்யவில்லை.

தொழிற்கட்சி இதனால் பெற்ற அதிர்ச்சி அமைதியானது. அதன் ஸ்காட்லாந்துக் கிளை 16 வயதை டிசம்பரில் ஆதரித்து வாக்களித்தது. ஜனவரியில் தலைவர் கீர் ஸ்டார்மர் அவ்வயது மிகக் குறைவு என்றார். ஜூலையில் அனலீஸ் டாட்ஸ் புதிய நிலையை எழுதினார்: மருத்துவ அறுதி நீடிக்கும், குழுவுக்குப் பதிலாக ஒரு மருத்துவரின் சான்று போதும், ஒருபால் இடங்களுக்கான விதிவிலக்குகள் காக்கப்படும். 2025 பிப்ரவரியில் ஸ்காட்லாந்துத் தொழிற்கட்சித் தலைவர் அனஸ் சர்வார், இப்போது அறிந்திருப்பவற்றை அன்று அறிந்திருந்தால் மசோதாவை ஆதரித்திருக்கமாட்டோம் என்றார்.

நீதிமன்றம் தந்த விடை

வாரிய வழக்கு மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரல் 16 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்: 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் ‘ஆண்’, ‘பெண்’, ‘பால்’ என்பன உடல்சார்ந்த பாலையே குறிக்கும், சான்றிதழ் அதை மாற்றாது. சான்றிதழ் உள்ளோரையும் இல்லாதோரையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாதாகையால், வேறு பொருள் கொண்டால் மகப்பேறு முதல் ஒருபால் சேவைகள் வரை சட்டம் ஒத்திசைவிழக்கும் என்பது அவர்கள் தருக்கம். பாலின மாற்றம் என்ற பண்பின்கீழ்த் திருநருக்கு உள்ள பாதுகாப்பு குறையவில்லை என்றும், இதை ஒரு தரப்பின் வெற்றியாகக் கொள்ளலாகாது என்றும் நீதிபதி ஹாட்ஜ் கூறினார். கன்சர்வேட்டிவ் கட்சி அதை வெற்றியாகவே கொண்டாடியது. ஸ்டார்மர் அரசு தெளிவு பிறந்தது என வரவேற்றது. வழக்கில் தோற்ற ஸ்காட்லாந்து அரசு தீர்ப்பை ஏற்றது. பசுமைக் கட்சியினர் வருந்தினர். திருநர் பலருக்கு அது இருபதாண்டுகளுக்கு முன் கிடைத்த ஏற்பு உள்ளீடற்றுப் போன நாள். தெருக்களில் பெருந்திரளாகக் கூடினர். 2004ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. ஒருவர் திருமணப் பதிவிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெண்ணாகவும், சமத்துவச் சட்டத்தில் ஆணாகவும் இருக்கும் நிலை அதனால் உருவாயிற்று. அத்தீர்ப்பில் குறிக்கப்பட்டபடி, அதுவரை சான்றிதழ் பெற்றோர் 8,464 பேர்.

இந்தியப் பாதையும் நேர்கோடாக அமையவில்லை. 2014 தீர்ப்பையடுத்து, தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவை சென்ற திருச்சி சிவாவின் தனிநபர் மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று அவையில் நிறைவேறியது. 2019இல் ஒன்றிய அரசு இயற்றிய சட்டமோ தன்னறிவிப்புக்கு மாவட்ட ஆட்சியரின் சான்றிதழை நிபந்தனையாக்கியது. அறிவிப்பவருக்கும் ஏற்பவருக்கும் இடையில் ஓர் அதிகாரி நிற்கவேண்டும் என்ற எண்ணத்தை எந்த அரசும் எளிதில் கைவிடுவதில்லை.

நியூஹாமும் பிரென்டும்

இவ்வரலாற்றில் இலண்டன் தமிழரைத் தொடும் பகுதி ஒன்றுண்டு. அது கட்சி மேடைகளில் அல்ல, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ளது. 2021இல் இங்கிலாந்தும் வேல்சும் முதன்முறையாகப் பாலின அடையாளம் பற்றிக் கேட்டன. நீங்கள் கொள்ளும் பாலின அடையாளமும் பிறப்பில் பதியப்பட்ட பாலும் ஒன்றா என்ற பொருளில், ஒரு நீண்ட வாக்கியமாக அவ்வினா அமைந்தது. அதற்கு ‘இல்லை’ என்றோர் 2,62,000 பேர்; 16 வயதுக்கு மேற்பட்டோரில் 0.5 விழுக்காடு. விகிதம் மிகுந்த வட்டாரங்களாக வெளிவந்தவை நியூஹாம் (1.5 விழுக்காடு), பிரென்ட் (1.3 விழுக்காடு). ஈஸ்ட் ஹாமும் வெம்பிளியும் முறையே இவ்விரண்டுள் அடங்குபவை. தமிழ்க் கடைகளும் கோயில்களும் செறிந்தவை. புலம்பெயர்ந்தோர் வாழ்வின் இரு தலைநகரங்கள் எனத்தக்கவை. ஆங்கிலம் முதன்மை மொழி அல்லாதோரிடையே ‘இல்லை’ என்ற விடை மிகுந்திருந்ததை ஆய்வாளர் சுட்டினர். வினா சிலருக்கு விளங்கவில்லை என்ற ஐயம் வலுத்தது. நோக்கியபடி வினாவைப் பொருள்கொள்ளாதோர் இருந்திருக்கலாம் எனப் புள்ளிவிவர அலுவலகமும் பின்னர் ஒப்பியது. 2024 செப்டம்பரில் அவ்வெண்கள் தரச்சான்று இழந்து, ‘வளர்ச்சி நிலையில் உள்ளவை’ என்ற வகைக்கு மாற்றப்பட்டன.

பாலையும் பாலினத்தையும் ஒரே வாக்கியத்துள் வைத்த சட்டம் ஒருபுறம்; அதே இரு சொற்களை ஒரே வாக்கியத்துள் வைத்து, ஆங்கிலம் இரண்டாம் மொழியான குடும்பங்களிடம் கேட்ட படிவம் மறுபுறம். அரசியலர் ஒருவரோடொருவர் வாதிட்டபோது கையாண்ட எண்களில் ஒரு பகுதி, வினாவே புரியாதவர்களின் விடையாக இருக்கக்கூடும். சான்றிதழ் பெற்ற 8,464 பேரின் எண்ணிக்கையில் அந்த ஐயம் இல்லை. அவர்கள் அனைவரும் தம் வாழ்வுக்கான ஆவணங்களைத் தொகுத்து, தம்மைக் காணாத ஒரு குழுவுக்கு அனுப்பியவர்கள்.